திருகோணமலையில் ஆங்கில இணைப்புச் சொற்கள்: ஒரு கல்வி வரலாறு

இரண்டு தொடர்களைப் பிணைக்க ஆங்கிலம் தனிச்சொல்லைப் பயன்படுத்துகிறது. தமிழில் அந்த வேலையைப் பெரும்பாலும் வினையின் ஈறு செய்கிறது. ‘வாடை கடுமையாக வீசியதால் படகுகள் போகவில்லை’ என்னும் வாக்கியத்தில் காரணத்தைக் காட்டுவது ‘வீசியதால்’ என்பதன் கடைசியில் உள்ள ‘ஆல்’. ஆங்கிலத்தில் அதே காரணத்தை, தொடரின் தலையில் நிற்கும் ‘பிகாஸ்’ என்னும் சொல் காட்டுகிறது. தமிழில் பிணைப்பு முதல் தொடரின் வாலில், இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது; ஆங்கிலத்தில் அது தொடரின் முன்னால் போய்விடுகிறது. தமிழ் மாணவர் ஆங்கில இணைப்புச் சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுவதற்கு இந்த வேறுபாடே முதற்காரணம். திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இந்தச் சிக்கலுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. கோட்டையும் கச்சேரியும் பாடசாலையும் பரீட்சையும் அதில் பங்கு கொண்டவை.

ஆங்கிலத்துக்கு முன்

திருகோணமலைக்கு வந்த முதல் ஐரோப்பிய மொழி போர்த்துக்கேயம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைக் கைப்பற்றினர். ஆட்சி போன பின்பும் போர்த்துக்கேயர் மொழி போகவில்லை. இலங்கையின் கரையோர நகரங்களில் ஒல்லாந்தர் காலத்திலும் ஐரோப்பியருக்கும் உள்ளூராருக்கும் இடையே பொதுமொழியாக நின்றது ஒரு கலப்புப் போர்த்துக்கேயமே. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் குடும்பங்கள் சில அதை வீட்டுமொழியாக இன்றுவரை காத்து வந்துள்ளன.

இந்த இரு மொழிகளும் தமிழுக்குக் கொடுத்தவற்றைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கதிரை, மேசை, அலுமாரி, சாவி, பாண் ஆகியவை போர்த்துக்கேயத்திலிருந்து வந்தன. கந்தோர், நொத்தாரிசு ஆகியவை ஒல்லாந்தத்திலிருந்து வந்தன. எல்லாம் பெயர்ச்சொற்கள். தொடர்களை இணைக்கும் சொல் ஒன்றுகூட அவற்றோடு வரவில்லை. பொருளோடு பெயர் எளிதாகக் கரையேறும். வாக்கியத்தின் மூட்டு அப்படி வருவதில்லை.

மாறாக, மாற்றம் எதிர்த்திசையில் நடந்தது. கிழக்குக் கரையில் பேசப்பட்ட கலப்புப் போர்த்துக்கேயம், தமிழரோடு நெடுங்காலம் பழகியதால், தன் வாக்கிய அமைப்பைத் தமிழின் போக்குக்கு மாற்றிக்கொண்டது. ஐரோப்பியப் போர்த்துக்கேயத்தில் நடுவில் நிற்கும் வினை இங்கே கடைசிக்கு வந்தது. பெயருக்கு முன்னால் நின்ற உறவுச் சொற்கள் பல பின்னால் ஒட்டின. அதைப் பேசியோர் எவரும் பிழையாகப் பேசுவதாக எண்ணவில்லை. அந்த வீட்டுமொழிக்குப் பரீட்சை எதுவும் இல்லாததால், திருத்துவதற்கும் ஆள் இல்லை. பின்னால் வந்த ஆங்கிலத்தின் கதை இதற்கு நேர்மாறானது.

கோட்டையும் கச்சேரியும்

ஆங்கிலேயருக்கும் இப்பகுதிக்கும் உள்ள தொடர்பு, அவர்கள் ஆட்சிக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கியது. 1660இல் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய கப்பலொன்றிலிருந்து ரொபேட் நொக்ஸும் அவர் தந்தையும் மாலுமிகளும் கண்டி மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்டனர். நொக்ஸ் 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றிய நூலை இலண்டனில் வெளியிட்டார். ஆனால் அந்தச் சந்திப்பால் ஆங்கிலம் இங்கே வேர் விடவில்லை.

1782 சனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதைப் பறித்தார். பிறகு அது மீண்டும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் கோட்டையை நிலையாகக் கைப்பற்றினர். 1802இல் அமியான் உடன்படிக்கை இலங்கையின் கரையோரத்தை அவர்களுக்கு உறுதிசெய்தது. கோட்டை பிரட்ரிக் கோட்டை ஆனது. உட்துறைமுகத்தில் கடற்படைத் தளமும் கப்பற்பட்டறையும் எழுந்தன.

ஆட்சியோடு வந்த ஆங்கிலம் ஊராருக்கு இரண்டு வடிவங்களில் கேட்டது. ஒன்று கட்டளை. நங்கூரம் போடு, கயிற்றை இழு, நில், போ என்ற அளவில் அது நின்றது. கட்டளைக்கு இணைப்புச் சொல் தேவைப்படாது. ஒற்றை வினையே போதும். மற்றது ஆவணம். நீதிமன்றம், கச்சேரி, சுங்கம், நிலப் பதிவு ஆகியவற்றின் எழுத்து, நிபந்தனைகளும் விலக்குகளும் அடுக்கிய நீண்ட வாக்கியங்களால் ஆனது. ‘கட்டணம் செலுத்தினாலொழிய’, ‘ஆணை வரும்வரை’, ‘என்றபோதிலும்’ போன்ற பிணைப்புகளே அங்கே உரிமையையும் கடமையையும் தீர்மானித்தன. துறைமுக வேலையாளுக்கு முதல் வகை போதும். கந்தோரில் லிகிதர் உத்தியோகம் வேண்டியவருக்கு இரண்டாவது தேவை.

1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்தபோது இந்தத் தேவை பெருகியது. நிர்வாகம் ஆங்கிலத்தில் ஒருமுகப்பட்டது; உள்நாட்டாருக்கும் உயர்பதவி திறக்கப்பட்டது; அந்தக் கதவின் திறவுகோல் ஆங்கிலம் என்றும் ஆயிற்று. ஆங்கிலம் எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் தோன்றினர். மனு என்பதற்கு ஈழத்துப் பேச்சில் ‘பெட்டிசம்’ என்ற சொல் நிலைத்தது. இதுவும் பெயர்ச்சொல்தான். மனுவுக்குள் இருந்த நீண்ட வாக்கியங்களின் பிணைப்புகள் தமிழுக்குள் வரவில்லை. அவற்றைப் பாடசாலையில்தான் கற்க வேண்டியிருந்தது.

பாடசாலைகள்

1814இல் வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக்கு வந்தனர். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களில் தொடங்கிய அவர்களின் பணி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே திருகோணமலைக்கும் எட்டியது. கத்தோலிக்கரின் புனித சூசையப்பர் கல்லூரி 1867இல் தொடங்கியது. சைவர்கள் தம் பிள்ளைகளுக்கென இந்துப் பாடசாலையை 1897இல் நிறுவினர். 1925இல் அதன் நிர்வாகம் இராமகிருஷ்ண மிஷன் வசமானது. காரைதீவில் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் பெற்ற சுவாமி விபுலாநந்தர் அந்த இந்துப் பாடசாலையின் அதிபராகப் பணியாற்றினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் ஆனவரும் அவரே. ஆங்கிலக் கல்வியும் தமிழ்ப் புலமையும் ஒரே ஆசிரியரிடம் கூடியிருந்த காலம் அது.

இப்பாடசாலைகளுக்கு ஒரு புறக்கட்டுப்பாடும் வந்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. 1880 முதல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இலங்கையில் நடந்தன. திருகோணமலை மாணவர் எழுதிய விடைக்குப் புள்ளியிட்டவர் இங்கிலாந்தில் இருந்தார். துறைமுகத்தில் எவ்வாறு பேசப்படுகிறது என்பது அவருக்குப் பொருட்டல்ல. கலப்புப் போர்த்துக்கேயம் தமிழுக்கு வளைந்ததுபோல் ஆங்கிலமும் வளைந்தால், இங்கே அதற்குப் பெயர் பிழை. இணைப்புச் சொற்களில் தமிழ் மாணவரின் ‘குழப்பம்’ ஒரு பாடமாக உருவெடுத்தது இந்தப் பரீட்சை முறையால்தான்.

அதே நூற்றாண்டில் இவ்வூரின் எழுத்தாளர்கள் இரு மொழிகளுக்கும் இடையே நடமாடினர். இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வெளிவந்தது. ஐரோப்பாவில் பலகாலம் வழங்கிய ஓர்சன், வலன்டைன் இரட்டையர் கதையின் தமிழாக்கம் அது. திருகோணமலையில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற தி. த. சரவணமுத்துப்பிள்ளை, 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவலாக அது எண்ணப்படுகிறது. இக்காலத் தமிழ் உரைநடையில் ‘ஆனால்’, ‘ஏனென்றால்’, ‘ஆகையால்’ என்று வாக்கியத்தைத் தொடங்கும் வழக்கம் பெருகியதில் ஆங்கில உரைநடைக்கும் பங்கு உண்டு. ஆயினும் இவை தமிழிலேயே இருந்த சொற்கள். ஆங்கிலச் சொல் எதுவும் இந்த இடத்துக்கு வரவில்லை.

இலக்கண நூல்கள்

ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்த அதே 1795இல், இங்கிலாந்தின் யோர்க் நகரில் லின்ட்லி மரே எழுதிய ஆங்கில இலக்கணம் வெளிவந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட நாடுகளில் எல்லாம் அதுவும் அதன் சுருக்கப் பதிப்புகளும் பரவின. ஒவ்வொரு சொல்லையும் எடுத்து அது எந்த வகை என்று சொல்ல வைப்பதே அதன் பயிற்சி.

மரே இணைப்புச் சொற்களைச் சேர்ப்பவை, பிரிப்பவை என இரண்டாகப் பகுத்தார். ‘அண்ட்’, ‘இஃப்’, ‘சின்ஸ்’, ‘பிகாஸ்’, ‘ஃபோர்’, ‘தட்’ முதலியன சேர்ப்பவை. ‘பட்’, ‘தோ’, ‘அன்லெஸ்’, ‘லெஸ்ட்’, ‘ஓர்’ முதலியன பிரிப்பவை. மாணவர் குழம்பும் ‘சின்ஸ்’, ‘பிகாஸ்’, ‘ஃபோர்’ மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருந்ததால், பெயர் சொல்லத் தெரிந்தவருக்கும் அவற்றின் வேறுபாடு தெரியவேண்டியதில்லை. சில சொற்கள் இணையாக வரவேண்டும் என்றும் மரே விதித்தார். ‘தோ’ வந்தால் ‘யெட்’ வரவேண்டும். ‘வெதர்’ வந்தால் ‘ஓர்’ வரவேண்டும்.

1898இல், இந்தியக் கல்வித்துறையில் பணியாற்றிய ஜே. சி. நெஸ்ஃபீல்டின் கைநூல் வந்தது. இணைப்புச் சொற்களைச் சமநிலைத் தொடர்களை இணைப்பவை, ஒன்றை மற்றொன்றுக்குக் கீழ்ப்படுத்துபவை எனப் பிரித்து, இரண்டாம் வகையைக் காரணம், நோக்கம், நிபந்தனை, விட்டுக்கொடுப்பு, ஒப்பு, காலம் என்று பொருள்வாரியாக அடுக்கியது அந்நூல். 1930களில் வெளிவந்த ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணமும் இதே தடத்தில் சென்றது. பம்பாய்க் கல்வித்துறையில் இருந்த பி. சி. ரென் நாவலாசிரியராகவும் புகழ்பெற்றவர். தெற்காசியப் பாடசாலைகளில் மூன்று தலைமுறைகள் இந்நூல்களில் பயின்றன.

பொருள்வாரியான பகுப்பு மரேயின் பகுப்பைவிடப் பயனுடையது. எனினும் அதில் தமிழ் மாணவருக்கு ஒரு குறை இருந்தது. அது ஆங்கிலச் சொற்களை ஆங்கிலத்துக்குள் வைத்தே ஒப்பிட்டது. தமிழின் எந்த ஈறு ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது, எந்த இரண்டு ஈறுகள் ஒன்றாகின்றன என்பதை அது காட்டவில்லை.

குழம்பும் சொற்கள்

தமிழின் ‘உம்’ இதற்குத் தெளிவான சான்று. தொல்காப்பியம் இடையியலில் அதற்கு எண், சிறப்பு, ஐயம், எதிர்மறை முதலாக எட்டுப் பொருள்களைக் கூறுகிறது. ‘வள்ளமும் தோணியும்’ என்பதில் அது ‘அண்ட்’. ‘வள்ளமும் வந்தது’ என்பதில் ‘ஆல்சோ’. ‘வள்ளம் வந்தாலும்’ என்பதில் ‘ஈவன் இஃப்’. ‘வள்ளம் வந்தபோதிலும்’ என்பதில் ‘ஆல்தோ’. ஆங்கிலம் நான்கு சொற்களுக்குப் பங்கிடும் வேலையைத் தமிழ் ஓர் இடைச்சொல்லைக் கொண்டு முடிக்கிறது.

‘ஈவன் இஃப்’, ‘ஈவன் தோ’ இரண்டையும் மாணவர் மாற்றி எழுதுவது இங்கிருந்தே வருகிறது. ‘மழை பெய்தாலும் கப்பல் புறப்படும்’ என்பதில் மழை நடக்காத ஒன்றாகவும் இருக்கலாம்; இதற்கு ‘ஈவன் இஃப்’. ‘மழை பெய்தபோதிலும் கப்பல் புறப்பட்டது’ என்பதில் மழை நடந்துவிட்டது. இதற்கு ‘ஈவன் தோ’ அல்லது ‘ஆல்தோ’. தமிழ்ப் பேச்சில் ‘பெய்தாலும்’ என்பதே இரு பொருளுக்கும் வருவதுண்டு. அப்போது வினைமுற்றின் காலமே வேறுபாட்டைக் காட்டும். ஆங்கிலத்தில் அதைச் சொல்லே காட்டியாக வேண்டும்.

‘ஆல்தோ’ என்று தொடங்கி, நடுவில் ‘பட்’ சேர்ப்பது இன்னொரு பெருவழக்கு. தமிழில் இரண்டு தொடர்களும் சந்திக்கும் இடத்தில் பிணைப்பு இருக்கும். ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ முன்னால் போய்விட, அந்தச் சந்தி வெறுமையாகிறது. மாணவர் அங்கே ‘பட்’டை வைத்து நிரப்புகிறார். மரேயின் காலத்தில் அதே சந்தியில் ‘யெட்’ வைப்பது விதியாகவே இருந்தது. இன்று ‘யெட்’ இல்லாமலும் வாக்கியம் நிறைவாகும். ‘பட்’ வைத்தால் பிழை.

காரணச் சொற்களில் ‘பிகாஸ்’ கேட்பவருக்குத் தெரியாத காரணத்தைப் புதிதாகச் சொல்கிறது. ஏன் என்ற கேள்விக்கு விடையாக அதுவே வரும். ‘சின்ஸ்’, ‘ஆஸ்’ இரண்டும் முன்பே தெரிந்த காரணத்தைக் குறிக்க வருபவை; அதனால் பெரும்பாலும் வாக்கியத் தொடக்கத்தில் நிற்கும். ‘ஃபோர்’ முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பின்னர் விளக்கம் தருவது. அது தொடக்கத்தில் நிற்காது. தமிழின் ‘ஏனென்றால்’ இதற்கு நெருக்கமானது. ‘சின்ஸ்’ காலத்தையும் குறிக்கும். ‘தளம் மூடியதிலிருந்து வேலை இல்லை’, ‘தளம் மூடியதால் வேலை இல்லை’ ஆகிய இரண்டையும் அந்த ஒரு சொல் தாங்குவதால், ஐயம் எழும் இடத்தில் காரணத்துக்கு ‘பிகாஸ்’ எழுதுவதே பாதுகாப்பு. ‘பிகாஸ்’ எதிர்மறைக்குப் பின்னால் வரும்போது அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கப்டன் நோயுற்றதால் கப்பல் புறப்படவில்லை என்றும், கப்பல் புறப்பட்டது, ஆனால் அதற்குக் காரணம் கப்டனின் நோய் அல்ல என்றும் ஆங்கில வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் தரும். தமிழில் எதிர்மறை நிற்கும் இடமே இதைத் தீர்த்துவிடும்.

‘அன்லெஸ்’, ‘அன்டில்’ இரண்டும் துறைமுக வேலையில் ஆபத்தான இணை. ‘பைலட் ஏறினாலொழிய கப்பல் உள்ளே வரக்கூடாது’ என்பது நிபந்தனை, ‘அன்லெஸ்’. ‘பைலட் ஏறும்வரை கப்பல் வெளியே நிற்கட்டும்’ என்பது கால எல்லை, ‘அன்டில்’. ‘அன்லெஸ்’ஸுக்குள்ளேயே எதிர்மறை அடங்கியிருக்கிறது. அதை ‘ஏறாவிட்டால்’ என்று தமிழில் நினைத்து ‘நொட்’ சேர்த்தால் பொருள் தலைகீழாகும். ‘ஏறினாலொழிய’ என்று நினைத்தால் அந்தப் பிழை வராது, ஏனெனில் ‘ஒழிய’ உடன்பாட்டு வினையோடு சேர்கிறது. ‘அன்டில்’லுக்கும் இதே சிக்கல் உண்டு. ‘வராதவரை’ என்ற தமிழ் வழக்கை நினைத்து அதோடு ‘நொட்’ சேர்ப்பவர் பலர். மனுக்களில் ஒருகாலத்தில் மிகுந்திருந்த ‘லெஸ்ட்’டும் இவ்வகையே. ‘விழாதபடி’ என்பதன் எதிர்மறை அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது.

‘இஃப்’, ‘வெதர்’ இரண்டையும் பிரிப்பதில் தமிழருக்குச் சாதகம் அதிகம். ‘கப்பல் வந்தால் சொல்’, ‘கப்பல் வந்ததா என்று சொல்’ ஆகியவற்றைத் தமிழர் ஒருபோதும் மாற்றிச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ‘இஃப்’ இரண்டு வேலையும் செய்வதால்தான் ஐயம் பிறக்கிறது. ‘வந்ததா என்று’ என்னும் பொருள் இருந்தால் ‘வெதர்’ எழுதலாம் என்பது போதுமான விதி.

‘வென்’, ‘வைல்’ இரண்டும் தமிழில் ‘போது’. நிகழ்வு ஒரு கணத்தது என்றால் ‘வென்’. நீண்டு நடப்பது என்றால் ‘வைல்’. ‘வைல்’ இரு செய்திகளை எதிர்நிறுத்தவும் வரும். அப்போது அது ‘போது’ அல்ல, ‘ஆனால், மறுபக்கம்’. ‘ஆஸ்’, ‘லைக்’ இணையில் ‘கப்டனாகப் பேசினார்’ என்பது ‘ஆஸ்’. ‘கப்டனைப்போலப் பேசினார்’ என்பது ‘லைக்’. இங்கே தமிழின் ‘ஆக’, ‘போல’ இரண்டும் தெளிவாகவே வழிகாட்டுகின்றன.

‘தட்’ கடைசியாகக் கருதத்தக்கது. தமிழின் ‘என்று’ பேசியவரின் சொற்களை அப்படியே தாங்கும்: ‘நான் நாளை வருவேன் என்று அவர் சொன்னார்.’ ஆங்கிலத்தில் ‘தட்’ வந்ததும் ‘நான்’ ‘அவர்’ ஆகவேண்டும். வினையின் காலமும் நாளின் பெயரும் மாறவேண்டும். கூற்றை மாற்றி எழுதும் பயிற்சி பரீட்சைத் தாள்களில் நீண்டகாலம் நிலைத்ததற்கு இதுவும் காரணம்.

தளம் போன பின்

1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. போர்க்காலத்தில் தளம் பெருகியது. ஆங்கிலம் பேசும் படையினரும் அவர்களிடம் வேலை பார்த்த ஊராரும் பெருகினர். கட்டளை ஆங்கிலம் அங்கே முன்னெப்போதையும்விடப் பரவலாகக் கேட்டது. ஆனால் பாடசாலை வேறு திசையில் நகர்ந்தது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் வந்தது. போதனை படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறியது.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் கோரிக்கைகளை வகுத்த மாநாடு திருகோணமலையில் கூடியது. 1957 அக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1960–61இல் மிஷன் பாடசாலைகள் பெரும்பாலும் அரசுடைமையாயின. ஆங்கிலம் போதனா மொழி என்ற நிலையிலிருந்து ஒரு பாடம் என்ற நிலைக்கு வந்தது. வகை சொல்லும் பயிற்சிக்கு ஒதுக்கிய நேரம் சுருங்கியது. இணைப்புச் சொற்களை உரையாடலிலும் வாசிப்பிலும் பழக்குவது புதிய முறையாயிற்று. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது.

துறைமுகத்தின் ஆங்கிலமும் தனிவழியில் சீர்ப்பட்டது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் கப்பல்களுக்கான நியமத் தொடர்களை ஏற்றுக்கொண்டது. பல நாட்டு மாலுமிகளுக்கும் ஒரே பொருள் தரும் குறுந்தொடர்கள் அவை; இரு பொருள் தரும் சொற்களைத் தவிர்ப்பதே அவற்றின் கொள்கை. நீண்ட வாக்கியத்தைத் திருத்துவதற்குப் பதிலாக, நீண்ட வாக்கியமே தேவைப்படாதபடி செய்யும் வழி இது. பரீட்சைத் தாளிலும் உத்தியோகக் கடிதத்திலும் அந்த வழி கிடையாது. அங்கே ‘அன்லெஸ்’ஸையும் ‘அன்டில்’லையும் பிரித்தறிய வேண்டிய தேவை 1833இல் இருந்தபடியே இருக்கிறது. தமிழின் ஈறுகளை அருகில் வைத்து ஒப்பிட்டுக் கற்பித்தால் அந்த வேறுபாடுகளில் பெரும்பாலானவை, மேலே கண்டவாறு, மாணவர் தம் சொந்த மொழியில் ஏற்கெனவே அறிந்தவையாகவே இருக்கின்றன.